டெல்டாவின் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள்: பதவி இல்லாத ஒரு பணி

காவிரி டெல்டாவின் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் வட்டாரக் கல்லூரிகளில் கூடைப்பந்து அணியைத் தேர்ந்தெடுத்துப் பழக்கி, போட்டிக்கு அழைத்துச் செல்பவர் அந்தக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். மாணவர்கள் வாயில் அவர் ‘பி.டி. சார்’, மகளிர் கல்லூரியில் ‘பி.டி. மேடம்’. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருப்பதுபோலத் தலைமைக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் என்றொரு தனிப் பதவி இங்குள்ள அரசுக் கல்லூரிகளிலோ அரசு உதவிபெறும் கல்லூரிகளிலோ இல்லை. கபடி, வாலிபால், கிரிக்கெட், தடகளம், செஸ் என்று கல்லூரி கலந்துகொள்ளும் அத்தனை விளையாட்டுக்கும் ஒரே ஆள்தான் பொறுப்பு. அந்த வரிசையில் கூடைப்பந்தும் ஒன்று. ஆனாலும் கூடைப்பந்தில் வளர்ந்து, அதன்மீதுள்ள பற்றினாலேயே இந்த வேலைக்கு வந்தவர்கள் உண்டு. அப்படி ஒருவர் அமையும் கல்லூரியில் அணி எழுந்து நிற்கிறது. அவர் மாறுதலாகிப் போனாலோ ஓய்வு பெற்றாலோ சில ஆண்டுகளிலேயே கோர்ட்டில் புல் முளைத்துவிடுகிறது.

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து சைதாப்பேட்டைக்கு

1891 டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாத 18 மாணவர்களுக்காக இரண்டு பீச் பழக் கூடைகளை உயரே மாட்டி, 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். அதே பள்ளியில் பின்னாளில் படித்தவர் ஹாரி க்ரோ பக். 1919இல் மதராஸுக்கு வந்த பக், 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று இன்று குறிப்பிடப்படுவது, சைதாப்பேட்டையை அடுத்த நந்தனத்தில் இருக்கும் அந்த நிறுவனம்தான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியோடு மேலாளராகப் போனவரும் பக்தான். 1943இல் இறக்கும்வரை அவர் அந்தக் கல்லூரியை விட்டுப் போகவில்லை.

தமிழ்நாட்டுக் கூடைப்பந்துக்கு இந்தத் தொடர்ச்சி மிக முக்கியம். நைஸ்மித் பணியாற்றிய பள்ளியில் படித்தவர் சென்னையில் ஆசிரியர்களை உருவாக்கினார். அந்த ஆசிரியர்கள் மாநிலமெங்கும் உள்ள பள்ளி கல்லூரிகளுக்கு வேலைக்குப் போனார்கள். பிறகு காரைக்குடியிலும் கோவைப் பக்கத்திலும் உடற்கல்விக் கல்லூரிகள் வந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறை வளர்ந்தது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் உருவானது. டெல்டாவின் கல்லூரிகளோ பழையவை. கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854இல் தொடங்கியது. தஞ்சாவூர் மன்னர் சரபோஜி அரசுக் கல்லூரி 1955. பூண்டி புஷ்பம் கல்லூரி 1956. தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரி 1966. 1982இல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொடங்கப்படும்வரை இந்தக் கல்லூரிகளெல்லாம் மதராஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. தஞ்சாவூர் மாணவன் பல்கலைக்கழக அணியில் இடம் பிடிக்கச் சென்னைக் கல்லூரிகளின் ஆட்டக்காரர்களோடு மோத வேண்டியிருந்தது. 1982க்குப் பிறகு அந்தப் போட்டி திருச்சிக் கல்லூரிகளோடு என்றானது.

வேலைக்கு வரும் வழி

கல்லூரி உடற்கல்வி இயக்குநராக வேண்டுமென்றால் உடற்கல்வியில் முதுகலைப் பட்டம் வேண்டும். அதில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். நெட் அல்லது செட் தேர்வில் தேறியிருக்க வேண்டும், அல்லது முனைவர் பட்டம் பெற்றிருக்க வேண்டும். கல்லூரி, பல்கலைக்கழக, மாநில அளவுகளில் ஏதேனும் ஒன்றில் ஆடியதற்கான சான்று வேண்டும். இவற்றோடு பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் உடல்தகுதித் தேர்வு ஒன்றையும் வைத்திருக்கின்றன. 30 வயதுக்குட்பட்ட ஆண் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர் ஓடிக் காட்ட வேண்டும்; அதே வயதுப் பெண் 8 நிமிடத்தில் 1,000 மீட்டர். வயது கூடக் கூடத் தூரம் குறையும். தமிழ் விரிவுரையாளருக்கும் வேதியியல் விரிவுரையாளருக்கும் இல்லாத தேர்வு இது. சம்பளம் மட்டும் அவர்களுக்குச் சமம். ஏழாவது ஊதியக்குழுப்படி தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். இது நிரந்தரப் பணியிடத்துக்குத்தான். இடம் காலியாகவே கிடக்கும் கல்லூரியில் தொகுப்பூதியத்துக்கு வருபவரோ, வேறு துறைப் பேராசிரியர் ஒருவரோ அந்தப் பொறுப்பைப் பார்த்துக்கொள்வார்.

கவனிக்க வேண்டியது ஒன்று: இந்தத் தகுதிகளில் எதுவும் கூடைப்பந்தைச் சொல்லிக்கொடுக்கும் தகுதியாகாது. அதற்கான படிப்பு வேறு. 1961இல் பஞ்சாபின் பாட்டியாலாவில், பழைய மோதி பாக் அரண்மனையில் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம் ஒவ்வொரு விளையாட்டுக்கும் பயிற்சியாளர் டிப்ளமா நடத்துகிறது. ‘என்.ஐ.எஸ். கோச்’ என்று சொல்வது அதை முடித்தவரைத்தான். ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் இருக்கிறது. உடற்கல்வி முதுகலையான எம்.பி.எட். முடித்து, கூடைப்பந்தில் என்.ஐ.எஸ்.ஸும் முடித்து, அதன்பிறகு கல்லூரி இயக்குநராக வருபவர் கிடைத்தால் அது அந்தக் கல்லூரியின் அதிர்ஷ்டம். விதிப்படி யாரும் அதைக் கேட்பதில்லை.

ஜூனில் தொடங்கும் ஆண்டு

பயிற்சியாளரின் ஆண்டு, கலைக் கல்லூரிச் சேர்க்கையோடு தொடங்குகிறது. அரசுக் கல்லூரிகளில் பொதுக் கலந்தாய்வுக்கு முன் மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகள், விளையாட்டு வீரர்கள், என்.சி.சி. மாணவர்கள் ஆகியோருக்குச் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு நடக்கும். விளையாட்டுச் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்து, பள்ளி அளவில் மாவட்ட அணிக்கு ஆடிய பையன் யார் என்று அவர் கண்டுகொள்வது அங்கேதான். அமெரிக்கப் பயிற்சியாளர் நாடு முழுவதும் பறந்து ஆட்டக்காரர்களைத் தேடுகிறார். உதவித்தொகை தந்து அழைத்து வருகிறார். டெல்டாவின் பி.டி. சாருக்குக் கலந்தாய்வு மேசையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு நாளில் வந்து சேர்பவர்கள்தான் வரவு.

அப்படி வருபவர்களில் கூடைப்பந்து ஆடியவர்கள் குறைவு. காவிரிப் படுகைக் கிராமங்களின் ஆட்டம் கபடி; அடுத்தது வாலிபால். கோயில் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் நடக்கும் போட்டிகள் பெரும்பாலும் இவைதான். எனவே இங்குள்ள பயிற்சியாளர் உயரமும் ஓட்டமும் உள்ளவரை வேறு ஆட்டங்களிலிருந்து பிரித்தெடுத்துப் பழக்க வேண்டியிருக்கிறது. கபடிப் பையனுக்குக் காலில் வேகமும், இடுப்பைத் தாழ்த்தி நிற்கும் பழக்கமும் ஏற்கெனவே உண்டு. தடுப்பாட்டத்துக்கு அதைவிட நல்ல அடித்தளம் கிடையாது. ஆனால் எதிராளியைக் கண்டதும் அவன் கை தானாக நீளும். கபடியில் பிடித்தால் புள்ளி, கூடைப்பந்தில் பிடித்தால் ஃபவுல். ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டத்தைவிட்டே வெளியே. வாலிபால் ஆடியவனுக்கோ எப்போது எழும்ப வேண்டும் என்பது தெரியும். கூடையில் பட்டுத் திரும்பும் பந்தை ரீபவுண்டுக்கு எட்டிப் பிடிக்க அது உதவும். ஆனால் வந்த பந்தைத் தட்டிவிட்டே பழகியவன் அவன். அதை இரு கையாலும் பிடித்து மார்போடு சேர்க்க அவனுக்கு மாதங்கள் ஆகும். கையை அடக்குவதும் பந்தைப் பிடிக்க வைப்பதுமாகவே முதலாண்டு கழிந்துவிடும்.

காலை 6 மணி

பயிற்சி விடியற்காலையில் அல்லது மாலை வகுப்பு முடிந்த பின். களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரம். சர்வதேச விதிகளின் அளவுகள்தான் இவை. தரைதான் வேறு. பெரும்பாலான கல்லூரிகளில் அது வெயிலில் காயும் சிமெண்டுத் தளம். மரத்தளத்துக்கான தோல் பந்து சிமெண்டில் சில வாரங்களில் உரிந்துபோகும் என்பதால் ரப்பர் பந்துதான் வாங்குவார்கள். அது அதிகமாக எகிறும், விரலில் வழுக்கும். ஷூவின் அடிப்பாகம் ஒரு பருவத்துக்குள் தேய்ந்துவிடும். குதித்து இறங்கும்போது முழங்காலிலும் கணுக்காலிலும் விழும் அடியைச் சிமெண்டு கொஞ்சமும் வாங்கிக்கொள்ளாது.

லே-அப் பழக்குவதைப் பார்த்தால் இந்த வேலையின் தன்மை விளங்கும். பந்தைத் தட்டிக்கொண்டே வலப்பக்கமிருந்து ஓடி வரும் மாணவன், பந்தைக் கையில் எடுத்தபின் வலது கால், இடது கால் என்று இரண்டே அடி வைத்து, இடது காலால் உந்தி எழும்பி, வலது முழங்கால் மேலே வர, போர்டில் வரைந்திருக்கும் சதுரத்தின் மேல்மூலையில் பந்தைச் சாய்க்க வேண்டும். புதியவன் மூன்றாவது அடி வைத்துவிடுவான், அல்லது கால் மாறிவிடும். பயிற்சியாளர் சாக்பீஸால் தரையில் இரண்டு பாதங்கள் வரைவார். முதலில் பந்தே இல்லாமல் நடக்கச் சொல்வார், பிறகு மெதுவாக ஓடச் சொல்வார், கடைசியில்தான் பந்து. வலப்பக்கம் பழகியதும் அத்தனையையும் இடப்பக்கத்தில் இடது கையால் திரும்பத் தொடங்க வேண்டும். உலகின் எந்தக் கூடமானாலும் இதே பாடம்தான். கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் 1948 முதல் 1975 வரை பயிற்சியாளராக இருந்த ஜான் வுடன், பருவத்தின் முதல் நாளில் சுருக்கமில்லாமல் காலுறை மாட்டவும் ஷூ கயிறு கட்டவும் கற்றுக்கொடுப்பார். கொப்புளம் வந்த காலால் ஓட முடியாது என்பதே காரணம். கடைசி 12 பருவங்களில் 10 தேசியப் பட்டங்கள் வென்ற மனிதர் அவர். முதல் பட்டம் கிடைத்தது 16ஆவது பருவத்தில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டெல்டாவின் பருவகாலம் கூடைப்பந்துக்கு ஒத்துவருவதில்லை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர்வரை கொட்டித் தீர்க்கும். கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகள் சூடுபிடிக்கும் மாதங்களும் அவைதான். ஈரச் சிமெண்டில் ஆடினால் எலும்பு முறியும். சாக்கைப் போட்டுத் துடைத்து, காய்ந்த பகுதியில் மட்டும் ஷூட்டிங் பழக்கிவிட்டு அனுப்ப வேண்டியதுதான். அறுவடை நாட்களில் வேறொரு சிக்கல். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவித்த நெல்லுக்கு இரவெல்லாம் காவல் இருந்த பையன் காலை 6 மணிக்கு வரமாட்டான். வந்தாலும் ஓட மாட்டான். இதையெல்லாம் அறிந்த பயிற்சியாளர் அவனைக் கடிந்துகொள்வதில்லை. மாலையில் தனியாக வரச் சொல்கிறார். விவசாயக் குடும்பங்களின் நாட்காட்டி தெரியாதவர் இங்கே அணி அமைக்க முடியாது.

போட்டிப் படிக்கட்டு

பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகள் முதலில் மண்டல அளவில் மோதும். அதில் தேறுபவை மண்டலங்களுக்கிடையிலான போட்டிக்குப் போகும். அங்கே ஆடுபவர்களிலிருந்து பல்கலைக்கழக அணிக்குச் செலக்‌ஷன். அந்த அணி இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென் மண்டலப் போட்டிக்குச் செல்லும். அங்கே முன்னணியில் வந்தால் அகில இந்தியப் போட்டி. 17 முதல் 25 வயதுவரைதான் ஆடலாம். பொறியியல் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் மண்டலப் போட்டிகள் தனி. தஞ்சாவூரின் சாஸ்த்ரா, வல்லத்தின் பெரியார் மணியம்மை போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நேராகவே தென் மண்டலத்துக்கு அணி அனுப்பலாம். ஒரே ஊரில் அடுத்தடுத்த வளாகங்களில் பணிபுரியும் இரு பயிற்சியாளர்களில் ஒருவருக்கு ஒரே படி, மற்றவருக்கு மூன்று. இவை தவிர முதலமைச்சர் கோப்பையின் கல்லூரிப் பிரிவும் உண்டு. தஞ்சாவூரில் மாவட்டப் போட்டிகள் நடக்கும் இடம் அன்னை சத்யா விளையாட்டரங்கம்.

இந்தப் படிகளில் ஏறுவதற்கு ஆட்டத்தைவிடக் காகிதம் அதிகம் தேவைப்படுவதாகத் தோன்றும். ஒவ்வொரு மாணவனுக்கும் தகுதிப் படிவம், பிறந்த தேதிச் சான்று, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், முதல்வர் கையொப்பம். போட்டி நாட்களுக்கு ‘ஓ.டி.’ (ஆன் டியூட்டி) வருகைப் பதிவு வாங்க ஒவ்வொரு துறைத் தலைவரிடமும் நடை. உள்மதிப்பீட்டுத் தேர்வு தவறியிருந்தால் மறுதேர்வுக்கு வேண்டுகோள். மாணவர்களிடம் வசூலித்த விளையாட்டுக் கட்டணத்திலிருந்து ஜெர்சி, பந்து, பேருந்துச் செலவு, சாப்பாட்டுப் படி எல்லாவற்றுக்கும் கணக்கு. படி போதாதபோது முட்டைக்கும் வாழைப்பழத்துக்கும் கைக்காசு போடுவது இந்த வேலையில் சகஜம். அணி தோற்றுத் திரும்பும் இரவிலும் ரசீதுகளைப் பத்திரமாக எடுத்து வருபவர் அவர்தான்.

மகளிர் கல்லூரிகள்

பெண்கள் அணியை நடத்துவது இன்னும் கடினம். அதை நடத்திக் காட்டுபவர்களின் உழைப்பு இன்னும் பெரிது. திருவையாறு, பாபநாசம், ஒரத்தநாடு பக்கமிருந்து வரும் மாணவிக்கு மாலைப் பயிற்சியின் எல்லை ஊருக்குப் போகும் பேருந்தின் நேரம். 2021இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின் பயணச் செலவு ஒரு காரணமாக இல்லாமல் போனது. நேரம் அப்படியேதான் இருக்கிறது. வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பப் பெற்றோரைச் சம்மதிக்க வைப்பது இன்னொரு வேலை. பி.டி. மேடம் கூடவே வருகிறார், கூடவே தங்குகிறார் என்ற உறுதிதான் பல வீடுகளில் கதவைத் திறக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து எழுந்த பெயர்களில் முதன்மையானது ஒரு பெண்ணின் பெயர். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் அணியின் கேப்டனாக இருந்தவர். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். கூடைப்பந்தில் ஒரு தமிழ்ப் பெண் அந்த உயரத்தை எட்டியிருக்கும்போது, டெல்டா மாணவியின் கனவைப் பேருந்து நேரத்தோடு நிறுத்திவிடுவது நியாயமில்லை.

அமெரிக்காவிலும் பெண்கள் ஆட்டம் ஒரு காலத்தில் இப்படிப் பயிற்சியாளரின் தனி உழைப்பில்தான் நடந்தது. டென்னசி பல்கலைக்கழக மகளிர் அணிக்கு 1974இல் 22 வயதில் தலைமைப் பயிற்சியாளரானார் பேட் சம்மிட். மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் வேனை ஓட்டியதும் அவர்தான், ஜெர்சிகளைத் துவைத்ததும் அவர்தான். 2012இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 1,098 வெற்றிகள், 8 தேசியப் பட்டங்கள். கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 1972ஆம் ஆண்டின் சட்டம் அங்கே பணத்தையும் பதவியையும் கொண்டுவந்தது. பயிற்சியாளரின் உழைப்புக்குப் பின்னால் அரசு வந்து நின்றதால் கிடைத்த பலன் அது.

வெற்றியும் வேலையும்

அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளரின் வாழ்க்கை வெற்றி தோல்விக் கணக்கில் தொங்குகிறது. வென்றால் ஆண்டுக்குப் பல லட்சம் டாலர். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் பெறுபவர்களிலேயே அதிகம் பெறுபவர் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்தான். தொடர்ந்து தோற்றால் வேலை போய்விடும். இந்த அளவுகோலில் வைத்தால் நைஸ்மித்தே நின்றிருக்க மாட்டார். கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் 1898 முதல் 1907 வரை அவர் நடத்திய அணி 55 ஆட்டங்களில் வென்று 60இல் தோற்றது. ஆனால் அவருடைய மாணவர் ஃபாக் ஆலன் அதே கேன்சஸில் 39 பருவங்கள் பயிற்சியளித்தார். 1952இல் தேசியப் பட்டம் வென்றார். ஆலனிடம் ஆடிய அடால்ஃப் ரப்பும் டீன் ஸ்மித்தும் தாங்களே பெரும் பயிற்சியாளர்கள் ஆனார்கள். ஒரு பயிற்சியாளரின் மதிப்பைக் காட்டுவது இந்தப் பரம்பரை.

டெல்டாவில் நிலைமை நேர்மாறு. தோற்றால் யார் வேலையும் போகாது. வென்றாலும் சம்பளம் உயராது. உடற்கல்வி இயக்குநரின் பதவி உயர்வுக்கான மானியக் குழு விதிகளில் உள்ள இனங்களில் ஒன்று, கல்லூரியின் மாணவர் ஒருவராவது பல்கலைக்கழக, மாநில அல்லது தேசிய அணியில் ஆடியிருக்க வேண்டும் என்பது. முனைவர் பட்டம், புத்தாக்கப் பயிற்சி, ஆய்வுக் கட்டுரைகளும் கணக்கில் வரும். தினமும் விடியற்காலை கோர்ட்டில் நிற்பதைக் கணக்கிட எந்த விதியிலும் இடமில்லை. எனவே கூடைப்பந்து வாழ்வது அந்த மனிதரின் சொந்தப் பற்றை நம்பித்தான். வேலைப் பாதுகாப்பு நல்லது. அமெரிக்கப் பயிற்சியாளரின் பதற்றம் இங்கே வர வேண்டியதில்லை. ஆனால் நன்றாகச் செய்பவரை அடையாளம் காணாத ஒரு முறை, அவருக்குப் பின் வருபவருக்கு எந்த வழியையும் காட்டுவதில்லை.

நல்ல பயிற்சியாளர் என்ன செய்ய முடியும் என்பதற்கு இந்திய அணியின் வரலாற்றிலேயே சான்று உண்டு. ஓஹியோ மாநிலத்தின் மவுண்ட் வெர்னான் நசரீன் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஸ்காட் ஃபிளெமிங் 2012இல் இந்திய ஆண்கள் அணியை ஏற்றார். 2014இல் சீனாவின் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் அந்த அணி சீனாவை அதன் மண்ணிலேயே 65–58 என்ற கணக்கில் வென்றது. ஃபிளெமிங் என்.பி.ஏ. நட்சத்திரம் அல்ல. கல்லூரி மாணவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் அடிப்படை சொல்லிக்கொடுத்த அனுபவத்தோடு வந்தவர்.

டெல்டா மாணவனுக்கும் மாணவிக்கும் இந்த ஆட்டம் தரக்கூடியது கோப்பை மட்டும் இல்லை. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித்துறை, காவல்துறை ஆகியவை கூடைப்பந்து ஆட்டக்காரர்களை விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுத்து வந்திருக்கின்றன. பல்கலைக்கழக அணிச் சான்றிதழ் ஒன்று ஒரு குத்தகை விவசாயியின் வீட்டில் மாதச் சம்பளமாக மாறக்கூடும். அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் நிற்பவர் பி.டி. சார்.

எல்லா விளையாட்டையும் ஒருவர் தலையில் சுமத்திவிட்டு அவரிடம் நல்ல கூடைப்பந்து அணியையும் எதிர்பார்ப்பது சரியில்லை. உயர்கல்வித் துறையும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து, மூன்று நான்கு கல்லூரிகளுக்கு ஒருவர் என்ற அளவிலாவது என்.ஐ.எஸ். முடித்த கூடைப்பந்துப் பயிற்சியாளரை டெல்டாவில் நியமிக்க வேண்டும். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் தலா ஒரு கல்லூரிக் களத்துக்காவது மழைக்கு முன் கூரை போட வேண்டும். காலியாக இருக்கும் உடற்கல்வி இயக்குநர் பணியிடங்களை அடுத்த சேர்க்கைக்குள் நிரப்ப வேண்டும்.